பரணில் ஐந்து குடங்கள்

எங்கள் வீட்டுப் பரணில் எப்போதும் ஐந்தாறு கொள்ளிக்குடங்கள் கவிழ்ந்து கிடக்கும். சின்ன வயதில் அது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை. நெல் மூட்டை கிடக்கிற மாதிரி, பழைய பாய் சுருண்டு கிடக்கிற மாதிரி, அதுவும் கிடந்தது. ஆறாம் வகுப்பில் ஒரு தோழியிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது அவள் முகம் மாறியதைப் பார்த்துத்தான், எல்லார் வீட்டிலும் அது இருக்காது என்று தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. திண்ணையோடு நின்றுவிடுவாள்.

அப்பா வேளார். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், கன்னடியன் கால்வாய் பாய்கிற ஊர்களில் ஒன்று எங்களுடையது. அப்பாவும் தாத்தாவும் அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களும் குளத்து மண்ணில் பிழைத்தவர்கள். தைக்குப் பொங்கல் பானை, கார்த்திகைக்கு விளக்கு, பங்குனி உத்திரத்தில் சாஸ்தாவுக்கு நேர்ந்துகொண்டவர்களுக்கு மண் குதிரை. இதற்கெல்லாம் நாள் தெரியும். கணக்குப் போட்டு வனையலாம். சாவுக்கு நாள் தெரியாது. செய்தி பரவிய அரை மணி நேரத்தில் வாசலில் ஆள் வந்து நிற்பார்கள். ஒரு குடத்தை வனைந்து, அடி தட்டி, நிழலில் நாலைந்து நாள் உலர்த்தி, சூளை நிறைகிற அளவுக்கு மற்றப் பானைகளும் சேர்ந்த பிறகுதான் சுட முடியும். அடைமழைக் காலமென்றால் பதினைந்து நாள்கூட இழுத்துவிடும். அதனால்தான் பரண்.

சக்கரத்திலிருந்து இறங்கும்போது குடத்துக்கு அடி இருக்காது. வாய், கழுத்து, வயிறு மட்டும்தான். கொஞ்சம் இறுகிய பிறகு உள்ளே ஒரு கல்லை அணை கொடுத்து, வெளியே தட்டுப்பலகையால் தட்டித் தட்டி மண்ணை இழுத்து அடியை மூட வேண்டும். எங்கள் வீட்டில் மத்தியானத் தூக்கம் எல்லாமே அந்தச் சத்தத்தில்தான். மற்றப் பானைகளுக்கு ஒரு கணக்கு, கொள்ளிக்குடத்துக்கு வேறு கணக்கு. வயிற்றுப் பக்கம் மெலிதாகத் தட்டுவார். “மூணு வேலதான் அதுக்கு. தண்ணி நிக்கணும், தோள் தாங்கணும், போட்ட மாத்திரத்துல ஒடையணும்” என்பார்.

அவர் ஆயுளில் ஒரே ஒரு குடம் உடையாமல் உருண்டு போயிருக்கிறது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் சாவு. யாரோ ஒருவர் கல்லை எடுத்துப் போட்டு உடைத்தார்களாம். ஊரில் ஆளாளுக்கு ஒன்று பேசினார்கள், செத்தவருக்குப் போக மனசில்லை என்று. அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. பேச்சுக்காக அல்ல. போக வேண்டியவரைத் தன் கை பிடித்து நிறுத்திவிட்டது என்று நினைத்தார்.

ஆறேழு வயதில் நான் கேட்டிருக்கிறேன், “யாருக்குப்பா இது?”

சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “யாருக்கோ” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, “பேர் சொல்லிச் செய்யக் கூடாதுளா. பொதுவா செஞ்சு வைக்கலாம்” என்றார்.

இதற்கு அவர் காசைக் கையில் வாங்க மாட்டார். திண்ணையில் வைத்துவிட்டுப் போகச் சொல்வார். பேரம் கிடையாது. இல்லாதவர்கள் வைக்காமலே போவதும் உண்டு, அதை அவர் எண்ணிப் பார்த்ததும் இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுடுகாட்டில் சிதைக்குக் கொள்ளி வைக்கும் முன், மகன் இந்தக் குடத்தில் நீரை நிறைத்துத் தோளில் வைத்துக்கொண்டு உடலை மூன்று முறை சுற்றி வருவான். ஒவ்வொரு சுற்றுக்கும் சடங்கு செய்விக்கிறவர் அரிவாள் நுனியால் குடத்தில் ஒரு பொத்தல் போடுவார். நீர் ஒழுகிக்கொண்டே வரும். மூன்றாவது சுற்று முடிந்ததும் மகன் உடலுக்கு முதுகைக் காட்டி நின்று குடத்தைப் பின்பக்கமாகப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். குடம்தான் உடம்பு, தண்ணீர்தான் உயிர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சடங்கின் முழுப் பேச்சும் ஒரே சொல்தான்: போ. வந்துவிடாதே, இங்கே உனக்கு வேலை முடிந்தது, போ. நாங்கள் சாதாரணமாக யாரிடமும் ‘போறேன்’ என்று சொல்லி விடைபெறுகிறவர்கள் இல்லை. கடைக்குப் போனாலும் ‘வாறேன்’தான். துட்டி வீட்டுக்குப் போனால் மட்டும் அதையும் சொல்லக்கூடாது. பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும்.

எங்கள் அப்பா போட்டுக் கொடுத்த குடங்கள் எல்லாம் ‘போ’ என்று சொல்வதற்கான குடங்கள். ‘இரு’ என்று சொல்வதற்கும் மண்ணில் ஒரு பாத்திரம் உண்டு என்பதை அவருக்கு நான்தான் காட்டினேன்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில், தாமிரபரணி ஆற்றுக்குத் தென்கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். நான் தென்காசிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு முதுமக்கள் தாழி என்று சொல்லிக் கொடுத்தும் நேரில் போனதில்லை. 2023 ஆகஸ்டில் அங்கே அகழ்ந்த குழிகளுக்கு மேலேயே கண்ணாடித் தரை போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்கிற மாதிரி திறந்தார்கள். அந்த வருஷம் அரையாண்டு விடுமுறையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்போதே அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. ஐம்பது வருஷச் சூளைப் புகையும் மண் தூசும். பேருந்தில் ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றார்.

அந்த மேட்டைப் பரம்பு என்கிறார்கள். வீடு இல்லை, வயல் இல்லை, செம்மண்ணும் சரளைக்கல்லுமாய்க் கிடக்கிற பொட்டல். 114 ஏக்கர் முழுக்கச் செத்தவர்களுக்காக ஒதுக்கிய நிலம். 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்ததைப் பெர்லினுக்குக் கொண்டு போனார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது வெண்கலப் பாத்திரங்களும் இரும்பு ஆயுதங்களும் தங்கத்தாலான நெற்றிப் பட்டங்களும் கிடைத்தன. நூறு வருஷம் கழித்து 2004-05-ல் தொல்லியல் துறை சின்னதாக ஒரு பகுதியைத் தோண்டியது. அதிலேயே 160-க்கு மேல் தாழிகள். அப்போது எடுத்த இரண்டு மாதிரிகளின் வயது 2019-ல் வெளியே வந்தது. ஒன்று கி.மு. 905, மற்றொன்று கி.மு. 696.

இதையெல்லாம் நான் அப்பாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் கேட்டாரா என்பது சந்தேகம். கண்ணாடியின் மேல் காலை வைக்கத் தயங்கி, ஓரமாகக் குத்தவைத்து உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினார். பேசியது முழுக்க வேலைப் பேச்சு.

“இது சக்கரத்துல வனைஞ்சது இல்ல. இவ்ளோ பெருசு சக்கரம் தாங்காது. மண்ணக் கயிறாத் திரிச்சு, வளையம் வளையமா அடுக்கி, தட்டி ஏத்திருக்கான். ஒரே நாள்ல ஏத்த முடியாது. கீழ உள்ளது கொஞ்சம் காஞ்சாத்தான் மேல உள்ளதத் தாங்கும். ரொம்பக் காஞ்சிட்டாலும் ஒட்டாது.”

ஒரு தாழியின் விளிம்பைக் காட்டி, “இத எப்பிடிச் சூளைக்கு எடுத்துட்டுப் போயிருப்பான்? பச்சப்பானை. நாலு பேர் தூக்குனாலும் வாய் கோணிரும்” என்றார். சிறிது யோசித்துவிட்டு, “எடுத்துட்டே போயிருக்க மாட்டான். இருந்த எடத்துலயே சுத்திச் சூளை போட்டிருப்பான்” என்று அவரே பதிலும் சொன்னார். மூச்சு வாங்குவது அந்த அரை மணி நேரம் அவருக்கு மறந்து போயிருந்தது. பாத்திரங்களில் உள்பக்கம் கறுப்பாகவும் வெளிப்பக்கம் சிவப்பாகவும் இருந்ததைப் பார்த்ததும், கவிழ்த்து வைத்துச் சுட்டிருக்கிறார்கள், உள்ளே காற்று போகாததால் கறுத்திருக்கிறது என்றார். பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் இருந்ததை அவர் தன் சூளை வாயிலிருந்து சொன்னார்.

“உள்ள என்ன வச்சிருந்தாங்க?”

சொன்னேன். சிலவற்றில் உடலை முழங்கால் மடக்கி உட்கார வைத்திருக்கிறார்கள், சிலவற்றில் எலும்புகளை மட்டும் சேகரித்து வைத்திருக்கிறார்கள். கூடவே சின்னச் சின்னக் கலயங்கள், கத்தி, வேல், தானியம். ஆற்றுக்கு வடக்கே சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்லின் வயதைப் பார்த்து, அது கி.மு. 1155 என்று 2021-ல் அறிவித்தார்கள். அதாவது 3,200 வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவருக்குச் சாப்பிட வைத்த நெல்.

அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அவங்க நெல்லு குடுத்து உக்கார வச்சிருக்காங்க. நாம தண்ணிய ஒழுக விட்டு அனுப்பி வைக்கோம்” என்றார்.

இதற்கு எத்தனை தலைமுறை ஆகியிருக்கும் என்று கேட்டார். இந்தப் பரம்பின் கி.மு. 905-லிருந்து, தலைமுறைக்கு இருபத்தைந்து வருஷம் என்று வைத்தால் நூற்றுப் பதினேழு வருகிறது என்றேன். “எனக்கு மூணு தெரியும்” என்றார்.

திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். சங்கப் பாட்டு ஒன்றைச் சொன்னேன். ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் நடத்துகிற பாட்டு, ஆனால் ஒரு குயவரிடம் சொல்வது அதுதான் முதல் தடவை. கணவனோடு காட்டு வழியில் பயணம் வந்த ஒருத்தி. வழியிலேயே அவன் செத்துப் போகிறான். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு வந்த சின்னப் பல்லி போல அவனோடு வந்தவள் நான், அதனால் அவனுக்கு வனைகிற தாழியை எனக்கும் இடம் இருக்கும்படி அகலமாக வனைந்து கொடு என்று அந்த ஊர்க் குயவரிடம் கேட்கிறாள். கலம் செய்கிறவரே, கலம் செய்கிறவரே என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்கிறாள்.

“கொயவன் என்ன சொன்னான்?”

பதினெட்டு வருஷமாக அந்தப் பாட்டை நடத்துகிறேன். ஒரு மாணவரும் கேட்டதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. பாட்டு அவள் கேட்பதோடு முடிந்துவிடுகிறது. குயவர் பதில் சொல்வதே இல்லை.

“பதில் இல்லப்பா.”

“எப்பிடிச் சொல்லுவான்? உசுரோட இருக்கிறவளுக்குச் செய்யப்படாது” என்றார். வண்டி கருங்குளம் தாண்டுகிற வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஆனா கொஞ்சம் அகலமாத்தான் செஞ்சிருப்பான். அவ கிட்ட சொல்லாம” என்றார்.

அந்தப் பதிலை அதற்குப் பிறகு வகுப்பில் நான் சொல்லாமல் விட்டதில்லை.

அப்பா இறந்தது அடுத்த ஐப்பசியில். மழை பிடித்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் இருக்கிறதே என்று கிளம்பினேன். “வாறேம்ப்பா” என்றேன். “சரி, பாத்துப் போ” என்றார். விடியற்காலை நாலு மணிக்குத் தம்பி கூப்பிட்டான். “அக்கா, அப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் ஒரு குழப்பம். மழையில் சூளை இரண்டு வாரமாக மூட்டவில்லை. ஊரில் வேறு யாரும் இப்போது வனைவதில்லை. பக்கத்து ஊர்க்காரர்களெல்லாம் குடத்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். எங்கள் வீட்டுச் சாவுக்கு யாரிடம் போவது? சித்தப்பாதான், “பரண்ல பாருங்கடே” என்றார்.

ஐந்து இருந்தன. தம்பி ஏறிக் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுத்தான். சித்தப்பா வாங்கி, தூசியைத் துடைத்து, விரலை மடக்கிச் சுண்டிப் பார்த்தார். கணீரென்று இருந்தது. கீறல் விட்ட பானை அப்படிக் கேட்காது. அப்பா எந்தப் பானையைக் கொடுத்தாலும் சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். பேர் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை. ஆனால் போன கோடையில் இந்த ஐந்தையும் தட்டிக்கொண்டிருந்தபோது, இதில் ஒன்று தனக்கு என்று அவருக்குத் தெரிந்திருக்காதா? தெரிந்தே அதையும் மற்றதைப் போல மெலிதாகத் தட்டியிருக்கிறார்.

நீர்மாலை எடுத்து வந்தார்கள். குளிப்பாட்டினார்கள். கோடித் துணிகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்தார்கள். என் மகள் கையில் நெய் சொட்டியது, அவள் பந்தத்தை விடவில்லை. வாய்க்கரிசி போடும்போது அவர் விரல் இடுக்கைப் பார்த்தேன். எத்தனை குளிப்பாட்டியும் நகக்கண்ணில் மண் போகவில்லை. தெருமுக்கு வரை போனோம். அதற்கு மேல் பெண்கள் போகக் கூடாது. மழையில் மேளச் சத்தம் தூரமாகித் தூரமாகி நின்றுவிட்டது.

ராத்திரி தம்பி மொட்டைத் தலையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். “உடைஞ்சுதாடே?” என்று கேட்டேன். ஒரு மகள் கேட்கிற கேள்வியா அது என்று அப்போதே தோன்றியது, ஆனாலும் அதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

“திரும்பிப் பாக்கக் கூடாதுல்லாக்கா. சத்தம் கேட்டுச்சு.”

துட்டி கேட்க வந்த பெரியவர் ஒருவர், வேதாந்தம் படித்தவர், என்னைத் தனியாக உட்கார வைத்து ஆறுதல் சொன்னார். குடம் உடைந்தால் குடத்துக்குள் இருந்த வெளி எங்கே போகிறது? எங்கேயும் போகவில்லை, பெருவெளியோடு சேர்ந்துவிடுகிறது. குடத்துக்குள் இருந்ததும் முதலிலிருந்தே அந்தப் பெருவெளிதான். அழிந்தது மண் மட்டும். கடாகாசம், மகாகாசம் என்று நானும் படித்திருக்கிறேன். அன்போடுதான் சொன்னார், நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் மனசு ஒப்பவில்லை. எனக்குப் பெருவெளி வேண்டாம். அந்தக் குடம்தான் வேண்டும். அந்த இருமல், காதுக்குப் பின்னால் செருகிய பீடி, மூன்றாம் வகுப்பு வரை மட்டுமே படித்த மனிதர் ஒரு சங்கப் பாட்டுக்குக் கேட்ட அந்தக் கேள்வி, இதெல்லாம்தான் என் அப்பா. இதையெல்லாம் உதிர்த்துவிட்டு மிச்சமிருக்கிற ஒன்று என்றென்றைக்கும் அழியாது என்றால், அது என் அப்பா இல்லை. அந்தத் தாழியை அகலமாக வனையச் சொன்னவளும் வெளியைக் கேட்கவில்லை. அவன் பக்கத்தில் ஓர் இடம் கேட்டாள்.

சைவ சித்தாந்தம் இந்த உவமையில் குயவரையும் சேர்த்துக்கொள்கிறது. குடத்துக்கு முதற்காரணம் மண், துணைக்காரணம் தண்டச் சக்கரம், நிமித்த காரணம் குயவன். உலகத்துக்கு அந்த நிமித்த காரணம் இறைவன் என்பார்கள். கல்லூரியில் இதைப் படித்துவிட்டு வந்து அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு ரொம்பச் சந்தோஷம். சாமியைக் குயவன் என்று சொல்லியிருக்கிறார்களா என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம், “அப்பம் அவருக்கும் முதுகு வலிக்கும்” என்றார். அதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. உட்கார்ந்து வனைகிறவருக்கு முதுகு வலிக்கத்தான் செய்யும்.

இரண்டாம் நாள் காடாத்து. எலும்பையும் சாம்பலையும் படித்துறையில் கரைத்தார்கள். ஆறு கலங்கலாக, வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கிற இந்த ஆறு, எங்கள் ஊரைத் தாண்டி, திருநெல்வேலியைத் தாண்டி, ஆதிச்சநல்லூர் பரம்புக்குப் பக்கமாகத்தான் போக வேண்டும். அன்றைக்கு ராத்திரிக்குள் அப்பா அந்த வழியாகப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு, பெரியவர் சொன்ன வெளியைவிட எனக்கு அதிகம் உதவியது.

பதினாறாம் நாள் திதி கொடுக்க உட்கார்ந்தபோது ஐயர் மூன்று தலைமுறை பெயர் கேட்டார். அப்பா பெயரைத் தம்பி சொன்னான். தாத்தா பெயரைச் சொன்னான். அவருடைய அப்பா பெயர்? தம்பி அம்மாவைப் பார்த்தான். அம்மா சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பாவுக்கும் தெரியவில்லை. ‘எனக்கு மூணு தெரியும்’ என்று சொன்னவர்தான் அதைத் தெரிந்து வைத்திருந்த கடைசி ஆள். ஐயர் பரவாயில்லை என்று பொதுவாகச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னார். சடங்கே மூன்று தலைமுறையோடு நிறுத்திக்கொள்கிறது. அதற்கு மேலே போனவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே கூட்டம், தென்புலத்தார். முதலில் எனக்கு அது வலித்தது. பிறகு, பெயர் சொல்லாமல் பொதுவாகச் செய்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம்தானே என்று தோன்றியது.

மறுநாள் காலை, யாரிடமும் சொல்லாமல் சுடுகாட்டுக்குப் போனேன். நாற்பத்தாறு வயதில் முதல் தடவை. மழை விட்டு நல்ல வெயில். தகரக் கொட்டகை, கருகிய மண், கொஞ்சம் தள்ளி வேலிக்காத்தான். கொட்டகைக்கு ஒரு பக்கம் முழுக்க ஓடுகள். கால் வைக்க இடமில்லாமல் பானை ஓடுகள். வாய், கழுத்து, வயிறு, அடி. புதுசு மேலே, பழசு கீழே, அதற்கும் கீழே மண்ணோடு அழுந்திக் கிடப்பவை. கழுத்துக்குக் கீழே நகத்தால் இழுத்த இரட்டை வரி இருந்தால் அது அப்பா கை. தாத்தா ஒற்றை வரி இழுப்பார் என்று அப்பா சொல்லியிருக்கிறார். இரட்டை வரி ஓடுகளைப் பார்த்துக்கொண்டே போனேன். எங்கள் ஊரும் சுற்றியுள்ள நாலைந்து ஊர்களும், வருஷத்துக்கு இருபது குடம் என்று வைத்தாலும் ஐம்பது வருஷத்துக்கு ஆயிரம். இதில் அவருடைய குடம் எது என்று தேடினேன். தெரியவில்லை. எல்லாமே அவருடைய குடம்தான். ஓரத்தில் ஒற்றை வரி ஓடு ஒன்றும் கிடைத்தது.

எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியரிடம் பிறகு கேட்டேன். அறுநூறு டிகிரி போலச் சூடேறினால் களிமண்ணின் அணுக்கூட்டத்துக்குள்ளேயே கட்டுண்டிருக்கிற நீர் வெளியேறிவிடும், அதற்குப் பிறகு எவ்வளவு தண்ணீரில் ஊறப் போட்டாலும் அது பழைய மண்ணாகாது என்றார். சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்று நாம் சொல்வது அதைத்தான். அப்பா உடைவதற்கென்றே செய்தார், அதனால் உடைந்தது. ஆனால் உடைந்தது போகவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் மகன்கள் யாரும் இந்த இடத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. ‘போ’ என்று போட்ட குடமெல்லாம் போட்ட இடத்திலேயே கிடக்கிறது.

பள்ளிக்குத் திரும்பிய வாரம் ஒன்பதாம் வகுப்புக்கு முதனிலை திரிந்த தொழிற்பெயர் நடத்த வேண்டியிருந்தது. கெடு, கேடு. சுடு, சூடு. விடு, வீடு. கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண், “டீச்சர், வீடுன்னா நாம இருக்கிற வீடா?” என்றாள். அதுவும் வீடுதான், எல்லாவற்றையும் விட்டுப் போவதற்கும் வீடு என்றுதான் பெயர், வீடுபேறு என்கிறோமே என்றேன். “ரெண்டும் எப்படி டீச்சர் ஒண்ணாகும்?” என்று விடாமல் கேட்டாள். அன்றைக்கு அவளுக்கு ஒரு விளக்கம் சொன்னேன். அது எனக்கே போதவில்லை.

இந்தத் தடவை ஆடி அமாவாசைக்கு ஊருக்குப் போயிருந்தேன். பரணில் மூன்று குடங்கள்தான் இருந்தன. இடையில் ஒன்று போயிருக்கிறது. எனக்கு ஒன்று வேண்டும் என்றேன், தென்காசி வீட்டில் வைத்துக்கொள்ள. அம்மா பதறிப்போனாள்.

“கொள்ளிக்குடத்த யாராவது குடியிருக்கிற வீட்டுல வைப்பாங்களா?”

“நம்ம வீட்டுல எப்பவும் இருந்துச்சே.”

“நம்ம வீட்டுல இருந்தா அது பானைளா. வாசப்படி தாண்டுனாத்தான் கொள்ளிக்குடம்.”

அன்று மத்தியானம் மேலத்தெருவிலிருந்து ஒரு பையன் சைக்கிளில் வந்தான். தாத்தா தவறிவிட்டார் என்றான். அம்மா ஸ்டூலைப் போட்டு ஏறி, ஒன்றை இறக்கி, முந்தானையால் தூசியைத் துடைத்தாள். விரலை மடக்கிச் சுண்டி, காதைக் கொடுத்துக் கேட்டாள். பிறகு அவன் கையில் கொடுத்து, காசைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னாள்.